காய்ந்த பிறகு சொல்லு

என் துணி அலமாரியைப் பற்றி நான் ஆயிரம் குறை சொல்வேன். வேறு யாராவது வாயைத் திறந்தால் எனக்குப் பொறுக்காது. அதிலும் எங்கள் கடை மேனேஜர் மேடம் சொன்ன விதம் இருக்கிறதே, அன்று மத்தியானம் சாப்பாடே இறங்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள உக்காந்து பில் அடிக்கறவரைக்கும் எதைப் போட்டுட்டு வந்தாலும் யாரும் பாக்கப் போறதில்ல. முன்னாடி உக்காந்தா உள்ள வர்றவங்க முதல்ல பாக்கறதே உங்களைத்தான். இந்தச் சட்டையெல்லாம்..." என்று இழுத்துவிட்டு என் தோளையே பார்த்தார். அங்கே துணி நைந்து உள்ளே இருப்பது மங்கலாகத் தெரியும். எனக்கு அது தெரியாதா என்ன? அதற்காகத்தானே எப்போதும் முடியை அந்தப் பக்கமாக முன்னால் போட்டுக்கொண்டு திரிகிறேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு மரச்சாமான் கடையில். முன்பக்கம் கட்டில், சோபா, கண்ணாடி பதித்த பீரோ என்று பளபளவென்று இருக்கும். நான் பின்பக்கம். சரக்கு இறக்கும் கதவை ஒட்டி ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நான். வரவேற்பில் இருந்த பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகிறாள். அந்த இடத்துக்கு என்னைச் சொன்னதே மேடம்தான். வருகிறவர்களிடம் வாய் ஓயாமல் பேச ஆள் வேண்டும் என்றதும் அவருக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது. சம்பளமும் கூடுதல். ஆனால் நிபந்தனை உண்டு.

"திங்கட்கிழமை காலைல நேவி ப்ளூ சட்டை, கறுப்பு பேன்ட். கம்பெனி யூனிஃபார்ம் மூணு மாசம் கழிச்சுத்தான் குடுப்பாங்க. அதுவரைக்கும் நீங்களே பாத்துக்கணும்." மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னத் துணித் துண்டை எடுத்துக் கொடுத்தார். "இதான் நிறம். முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க. சிட்டு ரெடியா இருக்கா."

சிட்டு என்பது கல்லாவில் இருக்கும் சின்னப் பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர். அவளிடம் ஏற்கெனவே இரண்டு நேவி ப்ளூ சட்டையும் அதே நிறத்தில் ஒரு கோட்டும் இருக்கின்றன. நல்ல பெண்தான், பாவம். ஆனாலும் அந்த வாரம் முழுக்க அவளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முடியும் மேடம்," என்றேன் ஜம்பமாக.

அந்த இடம் எனக்கு வேண்டும். ஆசைக்காக இல்லை, வீடு ஓட வேண்டும் என்பதற்காக. என் வீட்டுக்காரருக்கு இரண்டு மாதமாக அரை நாள் வேலை, அரைச் சம்பளம்.

அவர் பெயின்ட் கடையில் நிறம் கலக்குகிறவர். யாராவது திரைச்சீலையின் ஓரத்தை வெட்டிக்கொண்டு வந்து, "இதுக்குப் பொருத்தமா சுவர் வேணும்" என்பார்கள். இவர் அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கடையில் கலக்கும் மெஷின் இருக்கிறது. எண்ணைத் தட்டினால் அதுவே சொட்டுச் சொட்டாகச் சாயத்தை இறக்கிவிடும். ஆனால் மெஷின் இறக்கியதை இவர் அப்படியே மூடி போட்டுக் கொடுத்ததே கிடையாது. குச்சியால் கிளறி, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்து, தன் கையால் கடைசிச் சொட்டை விட்ட பிறகுதான் டப்பா வெளியே போகும். "அளவு பாத்துக் கலக்கறது மெஷின். கண்ணு பாத்துக் கலக்கறவன் நான்," என்பார். அந்தக் கடைசிச் சொட்டுக்காகவே தேடி வருகிறவர்கள் உண்டு. சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் அதில் கெட்டிக்காரர்.

ஆனால் சில மாதங்களாகப் போன டப்பாவெல்லாம் திரும்பி வருகிறது. சாம்பல் கேட்டவர் நீலம் அடிக்கிறது என்கிறார். வெள்ளை கேட்டவரும் நீலம் அடிக்கிறது என்கிறார். இவர் வீட்டுக்கு வந்து மெஷினைத் திட்டுவார். புது மெஷின் சரியில்லை, கடையில் மாட்டிய புது விளக்கு சரியில்லை, இந்தக் காலத்து ஜனங்களுக்கு நிறமே தெரியவில்லை. முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டு இவரை அரை நாளாக்கினார். "இன்னும் ஒரு டப்பா திரும்பி வந்தா நான் வேற ஆளைப் பாத்துக்கணும்" என்று சொல்லியும் விட்டார். அதனால்தான் எனக்கு அந்த வரவேற்பு நாற்காலி அவ்வளவு அவசரம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலமாரியில் இருந்ததை எல்லாம் கட்டிலில் கொட்டினேன். அடக் கடவுளே! ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த சட்டை, கழுத்து மட்டும் பழுத்த மஞ்சள். ஒரு காலத்தில் ரோஸாக இருந்தது, இப்போது என்ன நிறம் என்று அதற்கே தெரியாது. ஒரு சாம்பல் சட்டை. தோளில் நைந்த வெளிர்நீலம், அதைத் துவைக்கவே பயம். இவை போக ஒரு விசேஷச் சட்டை. அதைப் போட்டுக்கொண்டு மூச்சு விட முடியாது. கறுப்பு பேன்ட் ஏற்கெனவே இருந்தது, கையில் இருந்த காசுக்கு ஒரே ஒரு புதுச் சட்டை வரும். ஒன்றை வைத்துக்கொண்டு வாரம் முழுக்க என்ன செய்வது? சாயங்காலம் துவைத்து, காலையில் ஈரத்தோடு போட்டுக்கொண்டு போய்ச் சோபா விற்பதா?

என் வீட்டுக்காரர் கதவில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து நிமிண்டினார்.

"எல்லாம் பருத்திதானே?"

"ஆமா. அதான் இப்படி வெளுத்துக் கெடக்கு."

"பருத்தின்னா சாயம் பிடிக்கும். காசை உள்ள வை. நாலையும் நேவி ப்ளூ ஆக்கித் தரேன்."

"சுவருக்கு அடிக்கற மாதிரி என் சட்டைக்கு அடிக்கப் போறீங்களா?"

"ஏய், சாயப்பொடின்னு ஒண்ணு இருக்கு. வெந்நீர், உப்பு, பொடி, அவ்வளவுதான். உன் சட்டையெல்லாம் கிழிஞ்சா போச்சு? நிறம் போயிருக்கு. நிறம் யாரோட வேலை?" என்று மார்பில் தட்டிக்கொண்டார்.

இரண்டு மாதமாக அவர் அப்படிப் பேசி நான் கேட்கவில்லை. மத்தியானமே வீட்டுக்கு வந்து, சும்மா உட்கார்ந்து, செய்தித்தாளை நாலு தடவை மடித்துப் பிரிக்கிற மனுஷனுக்குச் சட்டென்று உயிர் வந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீலத்தில் இரண்டு பாக்கெட், கறுப்பில் ஒன்று வாங்கி வந்தார்.

நைந்த தோளுக்கு உள்பக்கம் ஒட்டுத் துணி வைத்து நான் தைத்தேன். பொத்தான்களைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டேன். அந்த நாலு சட்டைக்கும் சேர்த்து ஒரே மாதிரிப் பொத்தான் ஒரு அட்டை வாங்கினேன். அது ஒன்றுதான் நான் செய்த ஆடம்பரம்.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது சமையலறை அவருடையதாகிவிட்டிருந்தது. தண்ணீர் காய்ச்சும் பெரிய அலுமினியப் பானை அடுப்பில் இருந்தது. தரையெல்லாம் பழைய செய்தித்தாள். முழங்கைவரை ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு நின்றார்.

"நீ உள்ள வராத. கலக்கும்போது பக்கத்துல ஆள் நின்னா எனக்குக் கை ஓடாது."

"என் சமையலறைக்குள்ள நானே வரக் கூடாதா?"

"வரக் கூடாது. அப்பறம் இன்னொண்ணு. ஈரத்துல பாத்துட்டு எதுவும் சொல்லாத. துணியானாலும் சரி, சுவரானாலும் சரி, ஈரத்துல ஒரு நிறம் இருக்கும், காய்ஞ்சா வேற நிறம் இருக்கும். எதுவானாலும் காய்ஞ்ச பிறகு சொல்லு."

இது அவருடைய பழைய சட்டம். கல்யாணமான புதிதில் வாடகை வீட்டுச் சுவரை அடித்துவிட்டு, அது காய்கிறவரை என்னை வாயையே திறக்கவிடவில்லை. அப்போதிருந்து எங்கள் வீட்டில் ஈரமான எதைப் பற்றியும் பேச்சில்லை. அதனால் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து பானையைக் குச்சி தட்டும் சத்தமும், நடுநடுவே "ம்ஹூம், கறுத்துப் போகுது... இன்னும் நீலம் வேணும்..." என்ற முனகலும் கேட்டுக்கொண்டே இருந்தன.

இருட்டும் முன் நாலு சட்டையையும் பால்கனிக் கொடியில் போட்டார். எட்டிப் பார்த்தேன். எனக்குத் திக்கென்றது. ஆனால் சட்டம் சட்டம்தானே? நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் போய்ப் பார்ப்பதற்குள் மாடி வீட்டு அக்கா தன் பால்கனியிலிருந்து குனிந்து பார்த்துவிட்டார்.

"என்ன, தார்ப்பாயைக் கிழிச்சுச் சட்டை தைச்சிட்டீங்களா?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் அப்பட்டமான உண்மை. லாரிக்கு மேலே போட்டுக் கட்டுவார்களே, அந்தத் தார்ப்பாயின் நீலம். நாலு சட்டையும் கொடியில் நின்று கத்திக்கொண்டிருந்தன. அதைப் போட்டுக்கொண்டு வரவேற்பில் உட்கார்ந்தால் தெருவின் அந்தக் கோடியிலிருந்தே என்னைப் பார்க்கலாம்.

நாலையும் உருவிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அவர் ஆவலோடு எழுந்து நின்றார்.

"காய்ஞ்சிடுச்சா? எப்படி வந்திருக்கு பாத்தியா? கடைல கூட இப்படிக் கெடைக்காது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என்னங்க இது? நான் என்ன கேட்டேன், நீங்க என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? நாளைக்குக் காலைல நான் எதைப் போட்டுட்டுப் போவேன்? சர்க்கஸ்காரி மாதிரி இதையா? அந்தச் சிட்டு அங்க கோட்டோட காத்துக்கிட்டு நிக்கறா! உங்க ஜம்பத்துக்கு என் வேலைதான் கெடைச்சுதா?"

"ஏன் இப்படிக் கத்தற? நேவிதானே கேட்ட?"

"இது நேவியா?"

"பின்ன என்ன? கொஞ்சம் கறுப்புகூட ஜாஸ்தியோன்னு நான் யோசிச்சிட்டிருக்கேன்."

என்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். கைப்பையைக் கொட்டி மேடம் கொடுத்த துணித் துண்டைத் தேடி எடுத்து அவர் கையில் திணித்தேன். "வெச்சுப் பாருங்க. நீங்களே வெச்சுப் பாருங்க."

அவர் ஜன்னலுக்குப் போனார். கடையில் செய்கிற மாதிரியே துண்டைச் சட்டையின் மேல் வைத்து, வெளிச்சத்துக்குச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். எனக்கு அந்தத் துண்டும் சட்டையும் ராத்திரியும் பகலும் பக்கத்தில் படுத்திருந்த மாதிரி இருந்தது. அவர் நிதானமாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

அதில் கிண்டல் இல்லை. வீம்பும் இல்லை. சின்னப் பிள்ளை வாத்தியாரிடம் சரியான விடையைச் சொல்லிவிட்டு நிற்கிற முகம். வாயில் அடுத்த வசவு தயாராக இருந்தது, அப்படியே நின்றுபோயிற்று. இவருக்குத் தெரியவில்லை. இந்த மனுஷனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. திரும்பி வந்த டப்பாவெல்லாம் வரிசையாக என் கண் முன்னால் வந்தது. சாம்பலில் நீலம், வெள்ளையில் நீலம், எல்லாவற்றிலும் நீலம். மெஷின் மேல் ஒரு தப்பும் இல்லை.

"என்ன, பேச்சையே காணோம்?"

"ஒண்ணுதாங்க," என்றேன். "நான்தான் சரியாப் பாக்கல."

"அதான பாத்தேன்! நீ எப்பவும் அவசரக்காரி." மனுஷன் சிரித்துக்கொண்டே முடி வெட்டிக்கொள்ளக் கிளம்பினார். நாளைக்கு மனைவி வரவேற்பில் உட்காரப் போகிறாளாம், வீட்டுக்காரன் மட்டும் காடு மாதிரி வளர்த்துக்கொண்டு இருக்கலாமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவருக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா என்று பிரித்துப் பார்க்கவெல்லாம் நேரமில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அலமாரித் தட்டில் கறுப்புப் பாக்கெட் பிரிக்காமல் அப்படியே இருந்தது. அவர் கண்ணுக்குப் பானையில் இருந்த நீலமே கறுப்பாகத் தெரிந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய நீலத்துக்கு மேல் நீலமாகக் கொட்டியிருக்கிறார்.

என் கணக்கு சுலபமாக இருந்தது. அவர் வருவதற்குள் கறுப்பைப் போட்டு நாலையும் முக்கி எடுத்துவிட வேண்டும். எப்படியும் அவருக்கு வித்தியாசம் தெரியப் போவதில்லை. நாளைக்கு என் வேலை நடந்துவிடும். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பானையை ஏற்றிப் பாக்கெட்டைக் கத்தரித்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு போடுவது? முழுசா, பாதியா, ஒரு கரண்டியா? முதலில் உப்பா, பொடியா? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொஞ்சம் அதிகமானால் நாலும் கறுப்பாகிவிடும். பிறகு திரும்பி வர வழியே இல்லை. அப்படி நிற்கும்போதே கதவு திறந்தது. முடிவெட்டும் கடையில் கூட்டமாம், திரும்பி வந்துவிட்டார்.

அவர் பானையைப் பார்த்தார். என் கையில் இருந்த பாக்கெட்டைப் பார்த்தார். அதன் மேல் பெரிதாக எழுதியிருந்ததைப் படித்தார்.

"ஒண்ணுதான்னு சொன்னியே."

நான் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வாய் நீளமானவள்தான் நான், ஆனால் அன்றைக்கு ஒரு பொய்யும் வரவில்லை.

"இல்லைங்க. ஒண்ணு இல்ல. அது பளிச்சுனு நீலமா இருக்கு. ரொம்பப் பளிச்சுனு."

அவர் தரையில் செய்தித்தாள் மேலேயே உட்கார்ந்தார். கால்களை நீட்டிக்கொண்டார். எவ்வளவோ நேரம் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்கில் கையுறையையும் மீறி நேற்றைய சாயம் இருந்தது. அதுகூட அவருக்கு என்ன நிறமாகத் தெரிந்ததோ.

"கொஞ்ச நாளா எல்லாமே அழுக்குக் கண்ணாடி வழியாப் பாக்கற மாதிரி இருக்கு," என்றார். "விளக்குன்னு நெனச்சேன். மெஷின்னு நெனச்சேன். என்னை விட்டுட்டு மத்த எல்லாத்தையும் நெனச்சேன்."

"கண்ணுல புரை விழுந்திருக்கும். எத்தனையோ பேருக்கு வருது. ஆபரேஷன் பண்ணினா சரியாயிடும்."

"சரியாகலன்னா? எனக்கு வேற என்ன தெரியும்? சொல்லு. எனக்கு வேற எந்த வேலை தெரியும்?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். பானையில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கித் தளதளவென்று மூடியைத் தூக்கியது. அவர் தலையை நிமிர்த்தி அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

"தீயைக் கொறை. அவ்வளவு கொதிக்கக் கூடாது," என்றார். பிறகு முழங்காலில் கையூன்றி எழுந்தார். "நீ நாளைக்கு வேலைக்குப் போகணும். பொடியைக் குடு. இல்ல, வேண்டாம், நீயே வெச்சுக்க. நான் சொல்றேன், நீ போடு. பாத்து என்ன நிறம்னு எனக்குச் சொல்லு."

அவர் சொன்னபடி கரண்டி நுனியால் எடுத்துத் தனியாகச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றினேன். சட்டைகளின் உள்மடிப்பிலிருந்து சின்னத் துண்டுகள் வெட்டி, முதலில் அதில் ஒன்றை மட்டும் முக்கினேன்.

"என்ன நிறம்?"

"ஒரு மாதிரி நீலம்."

"ஒரு மாதிரின்னு ஒரு நிறம் கெடையாது. இத்தனை வருஷமா இதையேதான் சொல்லிட்டிருக்க. திரைச்சீலை வாங்கப் போனாலும் ஒரு மாதிரி, செருப்பு வாங்கப் போனாலும் ஒரு மாதிரி. எது மாதிரி? அதைச் சொல்லு."

எனக்கு வியர்த்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நிறத்தை உட்கார்ந்து பார்த்தேன். "பள்ளிக்கூடப் பிள்ளைங்க பேனா மை இருக்கே, அது."

"அப்போ இன்னும் பத்தாது. இன்னும் அரைக் கரண்டி."

இன்னொரு துண்டை முக்கினேன். "இப்போ கத்தரிக்காய்த் தோல்."

"கத்தரிக்காயா? அப்போ உள்ள ஒரு செவப்பு ஓடுதா?"

"ஆமா, ஓடுது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது ரோஸ் சட்டையோட துண்டுதானே? அடியில இருக்கற ரோஸ் மேல எட்டிப் பாக்குது. வெள்ளைச் சட்டைத் துண்டுல பாரு. அந்த ரோஸை மட்டும் கடைசியா, கொஞ்சம் ஜாஸ்தி நேரம் போட்டுக்கலாம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு கேட்டார். நான் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் துண்டைப் பிழிந்து இஸ்திரிப் பெட்டியால் காயவைத்த பிறகுதான் சொல்ல விட்டார். அந்தச் சட்டத்தில் மட்டும் தள்ளுபடி இல்லை. கடைசியில் ஒரு துண்டு வந்தது. அதை மேடத்தின் துணிக்குப் பக்கத்தில் வைத்ததும் என்னையறியாமல் கத்திவிட்டேன்.

"கார்பன் பேப்பர்! ஏங்க, கார்பன் பேப்பர்! முன்னாடி பில்லுக்கு நடுவுல வைப்போமே, அந்தப் புது கார்பன் பேப்பரோட முதுகு!"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் இறுக்கம் போய், சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது. "போதும். அதான் நேவி. அடுப்பை நிறுத்து, சட்டையைப் போடு, நான் சொல்றவரைக்கும் கிளறிட்டே இரு."

சாயங்காலம் நாலு சட்டையும் மின்விசிறிக்குக் கீழே காய்ந்தன. தையல் நூல் மட்டும் சாயம் ஏறாமல் பழைய நிறத்திலேயே நின்றது. அது பருத்தி நூல் இல்லை, பிடிக்காது, விடு என்றார். நான் புதுப் பொத்தான்களைத் தைத்தேன். அவர் ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கப் பார்த்தார், முடியவில்லை. நானே வாங்கிக் கோத்துக்கொண்டேன்.

காலையில் நான் புறப்பட்டு நின்றேன். அவர் சட்டைக் கையைத் தொட்டு, மடிப்பைச் சரிசெய்தார்.

"எனக்கு இது கறுப்பாத்தான் தெரியுது. நீ நேவின்னா நேவி." பிறகு, "இன்னிக்குக் கடைக்குப் போய் முதலாளிகிட்ட நானே சொல்லிடறேன்," என்றார்.

"இப்பவே எதுக்குங்க? முதல்ல டாக்டரைப் பாத்துடலாம். ஒரு வாரம் வாயை மூடிட்டு இருந்தா என்ன?"

"ஒரு வாரத்துல எத்தனை டப்பா போகும்? அந்தச் சுவரெல்லாம் யாரோ குடியிருக்கற வீடு. என்னால முடியாது."

கடையில் மேடம் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்து என்னைத் தலை முதல் கால்வரை பார்த்தார். கிட்டே வந்து கழுத்துப் பட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"அட, நல்லா இருக்கே! தையலைக்கூட வேற நிறத்துல எடுத்துக் காட்டியிருக்காங்க. எந்தக் கடை?"

"எங்க வீட்டுக்காரர் கலந்தது மேடம்," என்றேன்.

அவருக்கு என்ன புரிந்ததோ, தலையாட்டிவிட்டு நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். சிட்டு கல்லாவிலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். போன வாரம் அவளைச் சபித்ததற்கு உள்ளுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் மேஜைப் போன் அடித்தது. கடைப் பெயரைச் சொல்லி, வணக்கம் சொல்லி, என்ன வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தபடியே கேட்டேன்.

"நான்தான்," என்றார் என் வீட்டுக்காரர். பின்னால் தெருச் சத்தம் கேட்டது. "சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"கண்ணைச் சரி பண்ணிட்டு வான்னார். வந்தா வேலை இருக்குமான்னு கேட்டேன். 'பாக்கலாம்'னார்."

சம்பளம் கொடுக்கிறவர்கள் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"எனக்குப் பயமா இருக்குங்க," என்றேன்.

"எனக்கும்தான்." "அதை விடு. சட்டை என்னாச்சு? அந்தம்மா பாத்தாங்களா?"

"பாத்தாங்க. எந்தக் கடைல வாங்கினீங்கன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"எங்க வீட்டுக்காரர் கலந்ததுன்னு சொன்னேன்."

அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் கேட்டதில்லை, அதனால் முதலில் எனக்கு அது என்னவென்றே புரியவில்லை. வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் இளம் ஜோடி உள்ளே வந்து என் மேஜைக்கு நேராக நின்றது. மேடம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும். அந்த ஜோடியைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, அவர் அழுது முடிக்கும்வரை நான் போனை வைக்கவில்லை.